நாணலா, வெட்டிவேரா: கரைக்கு எது?

வாய்க்கால் கரை சரியாமல் இருக்கப் புல் வைக்கலாம் என்றால் இந்த இரண்டு பெயர்தான் முதலில் வரும். இரண்டும் புல் குடும்பம். சோளமும் கரும்பும் இருக்கும் அதே கிளை.

நாணல் (சக்காரம் ஸ்பாண்டேனியம்) கரும்பின் பேரினத்தைச் சேர்ந்தது. பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள். வடகிழக்கு ஆப்பிரிக்கா முதல் இந்தியா, தென்கிழக்கு ஆசியா வரை அதன் சொந்த நிலம். ஆளைவிட உயரமாக வளரும். வெள்ளிப் பூங்கதிர் விடும். கூரை வேயலாம், இளசாக இருந்தால் மாட்டுக்கும் போடலாம். அதன் பெரிய கொடை வேறு. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் கரும்போடு இதைக் கலப்பினம் செய்தார்கள். 1918-இல் கோ 205 என்ற கரும்பு ரகம் வந்தது. இன்று நாம் பயிரிடும் கரும்பில் பெரும்பாலானவற்றில் நாணலின் ரத்தம் ஓடுகிறது. நோயையும் வறட்சியையும் தாங்கும் வலு அங்கிருந்து வந்ததுதான்.

ஆனாலும் வயலோரத்தில் நாணல் வேண்டாம். கிழங்குத்தண்டு மண்ணுக்கடியில் ஓடும், விதை காற்றில் பறக்கும். பனாமாவில் காடழித்த நிலங்களை இது மூடிக்கொண்டு மரம் முளைக்கவிடாமல் செய்கிறது.

வெட்டிவேரும் இந்திய மண்ணின் புல்தான். அறிவியல் பெயரில் முன்பு வெட்டிவேரியா, இப்போது கிரைசோபோகன் பேரினம். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராக மூன்று மீட்டர்வரை இறங்கும். தென்னிந்திய வகை முளைக்கும் விதை தராது. தூர் பிரித்துத்தான் நடவேண்டும். கடலூர்ப் பக்கம் வேரிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்காகவே பயிரிடுகிறார்கள். கரைக்கு வைத்ததை மட்டும் வேருக்காகத் தோண்டக்கூடாது. மண் மொத்தமும் இளகிவிடும்.