கிளிநொச்சி, வவுனியா, ஒரு நோ கிளெய்ம் கடிதம்

இந்த முறை ஊரில் நின்றபோது என்னைக் கொதிக்க வைத்ததும் பிறகு மனம் குளிர வைத்ததும் ஒரு தாள். கட்டுநாயக்கா, ஏ9 பயணம், கல்யாண வீடு எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். தங்கச்சியின் காருக்கு வந்த இன்சூரன்ஸ் கடிதத்தைப் பற்றி எழுதவேண்டும். இதே கதை உங்கள் வீடுகளிலும் இருக்கும். அந்த இன்சூரன்ஸ் காசில் ஒரு பகுதியாவது வெளிநாட்டில் இருக்கும் உங்களிடமிருந்துதான் போகிறது.

தங்கச்சி குடும்பம் தர்மபுரத்தில் இருக்கிறது. மச்சானிடம் முன்பு ஒரு ஹயஸ் வான் இருந்தது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் கிடந்து அலுத்துப்போய், 2023 கடைசியில் அதை விற்றுவிட்டு அடுத்த வருசத் தொடக்கத்தில் பாவித்த வாகன் ஆர் ஒன்று வாங்கினார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து பழைய கார்களுக்கும் கொள்ளை விலை. காரின் விலை ஏறினால் இன்சூரன்ஸும் கூடவே ஏறும். போதாததற்கு 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது, அதுவும் இன்சூரன்ஸுக்கு வருசம் கட்டும் பிறீமியத்தின் தலையில்தான் விழுகிறது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தங்கச்சி, "அண்ணா, இந்த முறை வெறும் தேர்ட் பார்ட்டியைப் போட்டுவிட்டு இருப்பமோ?" என்று கேட்டாள். மற்றவருக்கு நடக்கும் சேதத்துக்கு மட்டும் காசு தரும் இன்சூரன்ஸ் அது.

கடிதம் முழுக்க ஆங்கிலம். எனக்கு முதலில் கோபம் வந்தது அதில்தான். கனடாவில் நான் இருக்கும் ஸ்காபரோவில் என் இன்சூரன்ஸை எனக்குத் தமிழில் விளங்கப்படுத்த ஆள் இருக்கிறார். டிடக்டிபிளை, அதாவது விபத்துச் செலவில் நாங்களே போடும் பங்கை, 500 டொலரில் இருந்து 1,000 ஆக்கினால் எவ்வளவு குறையும், வீட்டையும் காரையும் ஒரே இடத்தில் போட்டால் என்ன கழிவு, குளிர்கால ரயருக்கு என்ன கழிவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தவர் ஒரு தமிழ்ப் புரோக்கர். கிளிநொச்சியில், தமிழ் தவிர வேறெதுவும் வீட்டில் பேசாத ஒரு பெண்ணுக்கு, அவளுடைய காசைப் பற்றிய கடிதம் அவளுக்கு விளங்காத மொழியில் வருகிறது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தனியார் கொம்பனி என்றால் அந்த மரியாதையும் தேவையில்லையா?

நான் வாசித்துப் பார்த்தேன். வாகனத்தின் பெறுமதி, அடிப்படைப் பிறீமியம், வெள்ளம், கலவரம், கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத வருசங்களுக்குத் தரும் கழிவு, என்ற இடத்தில் கார் வாங்கிய பிறகு கிடைத்த சின்னச் சலுகை மட்டும் போட்டிருந்தது. மச்சான் வான் ஓடிய காலம் முழுக்க ஒரு சதத்துக்கும் கிளெய்ம் பண்ணாதவர். அந்த வருசங்களெல்லாம் எங்கே போயின?

"வான் வித்தா அதோட சரி எண்டுதான் ஏஜென்ற் சொன்னவர்" என்றார் மச்சான்.

வன்னியில் நான் கேட்ட எல்லாரும் இதையே சொன்னார்கள், அது பிழை. நோ கிளெய்ம் போனஸ் வாகனத்தோடு ஒட்டியது இல்லை, ஆளுக்கு உரியது. வாகனத்தை விற்றாலும் கொம்பனி மாறினாலும், பழைய கொம்பனியிடமிருந்து ஒரு உறுதிக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் புதிய கொம்பனி அதை எண்ணிக்கொள்ளும். கன காலம் இடைவெளி விட்டால் ஏற்க மறுப்பார்கள், அதனால் பிந்தக்கூடாது. இலங்கையில் இந்தச் சலுகை வருசா வருசம் ஏறி, சில கொம்பனிகளில் அறுபது வீதத்தையும் தாண்டும். வேறெந்த வழியாலும் பிறீமியம் இவ்வளவு குறையாது. அதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

வானுக்கு இன்சூரன்ஸ் போட்ட கொம்பனிக்குக் கிளிநொச்சியிலும் ஒரு கிளை இருக்கிறது. குளிரூட்டி, கண்ணாடிக் கதவு, ரோக்கன் மெசின் எல்லாம் ரொறன்ரோ வங்கி மாதிரி. கவுண்டரில் இருந்த தம்பி பழைய பொலிசி நம்பர் கேட்டார். அது வீட்டில் இல்லை. அப்படியென்றால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். வாகன நம்பர் இருக்கிறதே, அதைப் போட்டுப் பாருங்கள் என்று மச்சான் கெஞ்சாக்குறையாகச் சொன்னார். "அது வவுனியாவில போட்ட பொலிசி அண்ணை, இஞ்ச சிஸ்டத்தில காட்டாது. அங்கதான் போகவேணும். போனாலும் கொழும்புக்கு எழுதித்தான் எடுக்கவேணும்." இதைச் சொல்லும்போது அவர் கணினியைத் தொடவும் இல்லை. விரல் பேனை மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் லாண்ட்மாஸ்ரருக்குத் தேர்ட் பார்ட்டி போட வந்த ஒரு ஐயா நின்றார். அவருக்கும் ஏதோ ஒரு பேப்பர் இல்லை, திரும்பி நடந்துவிட்டார். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவர் போன விதம் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. முந்தி அரசாங்கக் கச்சேரியில் இப்படித்தான் சனம் திரும்பிப் போகும். கண்ணாடிக் கதவு போட்ட பிறகும் அது மாறவில்லை.

மச்சான் வேண்டாம் என்றுவிட்டார். சிறுபோக அறுவடை நேரம், மெசின் வயலுக்கு வரும் நாள், இதற்காக வவுனியாவுக்கு அலைய ஏலாது என்றார். நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். முறிகண்டியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று இப்போது ஓடிவிடலாம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதி இறக்கி நின்ற நாட்களைத் தெரிந்தவர்களுக்கு இந்த றோட்டு இன்றும் நெஞ்சில் ஏதோ செய்யும்.

வவுனியாக் கிளையில் இருந்தது ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. மச்சான் தயங்கித் தயங்கிப் பழைய வானின் நம்பரைச் சொன்னார். அவள் பொலிசி நம்பர் கேட்கவே இல்லை. வாகன நம்பரையும் அடையாள அட்டை நம்பரையும் அடித்தாள், திரையைப் பார்த்தாள், "ஐந்து வருசம் ஒரு கிளெய்மும் இல்லை ஐயா, நல்ல றெக்கோட்" என்றாள். பிறின்ரர் ஓடியது. கொம்பனித் தலைப்போடு ஒரு பக்கம்: வாகன நம்பர், பொலிசி இருந்த காலம், கிளெய்ம் இல்லை, கிடைத்திருந்த போனஸ் வீதம். ஊதா மையில் சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, மை காயட்டும் என்று இரண்டு தரம் ஊதிவிட்டுத் தந்தாள். காசு எவ்வளவு என்று கேட்டேன். "இதுக்கு ஏன் காசு? வாகனம் விக்கேக்கையே கேட்டு எடுத்து வச்சிருக்கவேணும்."

கொழும்புக்கு எழுதவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. நான் அந்தப் பிள்ளைக்கு நன்றி சொன்னேன், அவளுடைய மேலாளரையும் கூப்பிட்டு அவளைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். கனடாவில் இப்படி ஒரு கடிதம் எடுக்க எத்தனை தரம் ஒன்றை அமர்த்து, இரண்டை அமர்த்து என்று போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும்! நம் ஊரில் ஆள் சரியாக அமைந்தால், உலகத்தில் எங்கும் கிடைக்காத சேவை கிடைக்கும். ஆள் அமையாவிட்டால் நூறு கிலோமீற்றருக்கு மேல் போய்வரவேண்டும். அந்த வேறுபாடுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. ஒரே கொம்பனி, ஒரே கணினி.

இப்போது கார் போட்டிருக்கும் கொம்பனி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது. கட்டி முடிந்த காலத்துக்கு ஒன்றும் திருப்பித் தரமாட்டார்களாம், இனி வரும் காலத்துக்கு மட்டும்தான். அப்படியும் பிறீமியம் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. தேர்ட் பார்ட்டிக்குப் போகவேண்டிய தேவை தங்கச்சிக்கு இல்லாமல் போனது. தேர்ட் பார்ட்டி சட்டத்துக்குக் கட்டாயம், அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் வரி லைசென்ஸ் தரமாட்டார்கள். ஆனால் அது மற்றவனுக்கு நடந்ததற்குத்தான், எங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. ஓடித் தேய்ந்த வண்டிக்கு அது போதும். கடன் பட்டு வாங்கிய காருக்குப் போதாது. லீசிங்கில் இருக்கும் வாகனத்துக்கு அந்தக் கேள்வியே இல்லை, லீசிங் கொம்பனி முழு இன்சூரன்ஸ் கேட்கும்.

குறைந்த செலவு என்று வன்னியில் சொல்லிக் கொடுக்கப்படும் வேறு இரண்டு வழிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒன்று, வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துப் போடுவது. விசுவமடுவில் பெரியம்மாவின் மகனுக்கு அதுதான் நடந்தது. பரந்தன் முல்லைத்தீவு றோட்டில் இரவில் கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே வந்து, பம்பர், ஹெட்லைற், றேடியேற்றர் எல்லாம் போய்விட்டது. போன் அடித்ததும் கொம்பனியின் மதிப்பீட்டாளர் அந்த இருட்டில் மோட்டார் சைக்கிளில் வந்து, ரோர்ச் அடித்துப் படம் எடுத்து, இடத்திலேயே எழுதிக்கொண்டு போனார். ரொறன்ரோவில் நொருங்கிய காரைக் கொண்டு கொலிஷன் றிப்போட்டிங் சென்ரரில் நாங்கள் போய் நிற்கவேண்டும். இங்கே ஆள் தேடி வருகிறார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் காசு வந்தபோது அண்ணன் தலையில் கை வைத்துவிட்டார். பெறுமதியைக் குறைத்துப் போட்டால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்க இடம் தரும் நிபந்தனை பொலிசியில் இருக்கிறது. அறுபது இலட்சம் பெறுமதியான காரை நாற்பதுக்குப் போட்டால், மூன்று இலட்சம் சேதத்துக்கு இரண்டு இலட்சம்தான் கணக்கு, அதிலும் எக்ஸஸ் என்று நாங்களே போடவேண்டிய பங்கு கழியும். பிறீமியத்தில் மிச்சம் பிடித்ததை ஒரே இரவில் மாடு கொண்டுபோய்விட்டது. "குறைச்சுப் போடுவம் அண்ணை" என்று சொன்ன ஏஜென்ற் இந்த நிபந்தனையைச் சொல்லவில்லை. விலை ஏறி இறங்கும் நாட்டில், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அன்றைய சந்தை விலையைக் கேட்டுப் போடவேண்டும். 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு உங்கள் வாகனத்தின் விலை இறங்கியிருந்தால், பெறுமதியையும் நேர்மையாக இறக்கலாம்.

இரண்டாவது வழி, பிறைவேற் என்று போட்டுவிட்டு ஹயருக்கு ஓடுவது. எங்களை விமான நிலையத்தில் ஏற்ற வரும் வான்களில் எத்தனை இப்படி? ஏறும் முன் கேட்க எங்களுக்கு வெட்கம். கூலிக்கு ஓடும்போது மோதினால், பிறைவேற் பொலிசியில் கிளெய்ம் மறுக்கப்படும். வானுக்குள் இருப்பது எங்கள் பிள்ளைகள். அதேபோல, ஊருக்குப் போய் மச்சானின் காரை எடுத்து ஓட்டுகிறவர்களே, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் கனடா லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் பறந்துவிடுவீர்கள், கிளெய்ம் இல்லாத கார் அவர்கள் வாசலில் நிற்கும்.

நேர்மையாகக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஒரே காருக்கு மூன்று கொம்பனியில் விலை கேட்டால் மூன்று விலை வரும். அதைக் காட்டிப் பேசினால் முதல் கொம்பனியே இறங்கும், பேரம் பேச வெட்கப்படத் தேவையில்லை. எக்ஸஸைக் கூட்டி எடுக்கச் சம்மதித்தால் குறைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். சின்னக் கீறலுக்கும் உடைந்த பின் லைற்றுக்கும் கிளெய்ம் போடாமல், கைக்காசில் ரிங்கர் வேலை செய்வது நல்லது. ஐந்தாறாயிரம் ரூபாவுக்காக வருசக் கணக்கில் சேர்த்த போனஸை இழப்பது சரியான நட்டம். கூடுதலாகச் சேர்த்திருக்கும் காப்புகளில் தேவையில்லாததை வெட்டலாம். பழகுநர் ஓட்டாத வீட்டில் பழகுநர் காப்பு ஏன்? ஆனால் வெள்ளத்தை வெட்டவே கூடாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அண்ணனின் புதுப்பிப்பு மாரிக்கு முன்னம் வருகிறது. இந்த முறை சரியான பெறுமதிக்கு, படங்களோடு போடச் சொல்லியிருக்கிறேன். ஊரில் வாகனம் விற்ற யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் இந்தக் கிழமையே போன் எடுத்துக் கேளுங்கள். பழைய வாகன நம்பரும், பொலிசி யார் பெயரில் இருந்ததோ அவருடைய அடையாள அட்டையும் போதும். சொந்தக்காரரே நேரில் போனால் சுகம். பொலிசி போட்ட கிளைக்கே போங்கள். கடிதம் கையில் வந்ததும் ஒரு பிரதியை போனில் படம் எடுத்து உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், மூலப் பிரதி புதிய கொம்பனிக்குப் போய்விடும்.