மார்கழியில் கொழும்புக்கு: இரவுப் புகையிரதமா, வாடகை வானா?

மார்கழியில் திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது கொழும்பில் பெரும்பாலும் மழை குறைந்திருக்கும் என்பதால், திருகோணமலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராகப் புறப்படுவோருக்கு அது ஏற்ற காலமே. வானை வாடகைக்குப் பிடித்தால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றரையும் நினைத்த இடத்தில் நிறுத்தித் தேநீர் குடித்துச் செல்லலாம். ஆயினும் ஹபரணைக் காட்டுப் பகுதியில் இருட்டிய பின் யானைகள் வீதிக்கு வருவதுண்டு, மழையும் சேர்ந்துவிட்டால் சாரதியின் கண்களை நம்பியே அனைவரும் இருக்க வேண்டும். கொழும்பை அடைந்த பின்னரோ வாகனத்தை நிறுத்த இடம் தேடுவதே தனி வேலை. இரவுப் புகையிரதம் கல்லோயாச் சந்தி வழியாகச் சுற்றி மெதுவாகத்தான் செல்லும். ஆனால் கொழும்பின் புறக்கோட்டைக் கடைத்தெருக்களுக்கு அருகிலேயே, கோட்டை நிலையத்தில் இறக்கிவிடும். இருக்கைகளை முற்கூட்டியே பதிவுசெய்ய முடியுமாயின் நான் புகையிரதத்தையே தெரிவுசெய்வேன்; முழங்கால் நோவுள்ள பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் வான், அதுவும் பகலில்.