சிப்பை மாற்றுகிறோம் என்று டிஸ்க்கையே துடைத்துவிட்ட கடை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் லேப்டாப்பில் விண்டோஸோடு சேர்த்து லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும், உபுண்டுவோ வேறு வகையோ, போட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். அதிலும் கருப்புத் திரையில் 'க்ரப்' என்று ஒரே ஒரு வார்த்தை வந்து நிற்கிறது, பக்கத்தில் ஒரு கோடு மின்னுகிறது என்றால், "போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும் நம்பிப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

நடந்தது இதுதான். என் அக்கா கருங்கலில் தையல் கடை வைத்திருக்கிறாள். கல்யாண பிளவுஸ், ஆரி வேலை எல்லாம் செய்வாள். அவள் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது, 2019 வாக்கில், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் ஒன்று வாங்கினோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் லேபுக்கு வேண்டும் என்று அவன் அதில் உபுண்டுவும் போட்டுக்கொண்டான். படிப்பு முடிந்து அவன் வேலைக்குப் போனதும் லேப்டாப் அக்கா கைக்கு வந்தது. டி டிரைவில் அவள் தைத்த டிசைன்களின் போட்டோக்கள், வாடிக்கையாளர் அளவுகள் எழுதின எக்ஸல் பைல், முன்பணக் கணக்கு. இடம் பற்றவில்லை என்று அவள் சொன்னதும், இனி எதற்கு இந்த லினக்ஸ் என்று பையன் யூடியூப் பார்த்து விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் லினக்ஸ் இருந்த பகுதியை, அழித்தான். ரீஸ்டார்ட் பண்ணியதும் விண்டோஸ் வரவில்லை. அந்தக் கருப்புத் திரைதான் வந்தது.

சீசன் நேரம், அக்காவுக்கு அவசரம். நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு நான்தான் கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பையன் ஆன் பண்ணிப் பார்த்தான். உள்ளே கொண்டு போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, இது போர்டு கம்ப்ளெய்ன்டாக்கும். பயாஸ் சிப் அடிச்சுப் போச்சு. சிப்ப எடுத்து புரோகிராம் பண்ணணும்."

"பைல் எல்லாம் இருக்குமா தம்பி? டி டிரைவ்ல முக்கியமான சாமானம் கிடக்கு."

"சி மட்டும்தான் பார்மட் பண்ணுவோம். டி-ல கையே வைக்க மாட்டோம். பயப்படாதீங்க."

வேலை முடிந்ததும் வாட்ஸப்பில் "சிப் மாத்தியாச்சு, டி சேஃப், வந்து எடுத்துக்கிடுங்க" என்று செய்தி வந்தது. சிப் வேலைக்கு 2,500, 'ஒரிஜினல் விண்டோஸ்' 1,800, சர்வீஸ் 500. மொத்தம் 4,800 ரூபாய், யுபிஐ-யில் அனுப்பினேன். கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் 'சர்வீஸ்' என்று ஒரு சொல்லும் தொகையும் தவிர வேறொன்றும் கிடையாது. வீட்டில் வந்து திறந்தால் டி டிரைவ் என்று ஒன்று இருந்தது. ஆனால் புத்தம் புதிதாக, காலியாக.

போன் போட்டேன். "லினக்ஸ் போட்ட சிஸ்டத்துல டி தானா போயிரும் அண்ணாச்சி, அது வைரஸ் மாதிரியாக்கும். நாங்க தொடவே இல்ல, உள்ளதாக்கும் சொல்லுகேன்" என்றான். லினக்ஸ் தின்றுவிட்டதாம்! பழைய சிப்பைக் கேட்டதற்கு அன்றைக்கே குப்பையில் போட்டாச்சு என்று பதில்.

அக்கா மகனின் நண்பன் ஒருவன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தபோது லேப்டாப்பை எடுத்துப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. அவன் எனக்கு விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் இந்த மாதிரிக் கடைக்காரர்களால் நம்மிடம் வாய் திறக்க முடியாது.

முதலில் அந்தச் சிப் கதை. 'க்ரப்' என்பது லினக்ஸின் பூட்லோடர், அதாவது சிஸ்டத்தை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம். லேப்டாப்பை ஆன் பண்ணியதும் போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் எழுந்து, டிஸ்க்கைப் படித்து, அதிலிருந்து க்ரப்பை எடுத்து ஓட்டினால்தான் அந்த வார்த்தையே திரையில் வரும். பயாஸ் சிப் செத்துப்போயிருந்தால் அதுகூட வந்திருக்காது. அதாவது நான் கடையில் கொடுத்த அந்தத் திரையே போர்டு நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. போதாக்குறைக்கு, பின்பக்க மூடியின் ஒரு ஸ்க்ரூ மேல் கம்பெனி ஒட்டின ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருந்தது. மூடியைக் கழற்றாமல் சிப்பை எப்படி எடுத்தார்கள் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் விண்டோஸ் ஏன் வரவில்லை? இப்போதைய லேப்டாப்களில் பழைய பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ என்ற முறை இருக்கிறது, பேச்சில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம். டிஸ்க்கில் நூறு, இருநூறு எம்பி அளவில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒன்று தனியாகக் கிடக்கும். விண்டோஸின் பூட்லோடர் அதில் மைக்ரோசாஃப்ட் என்ற போல்டரில் இருக்கும். உபுண்டு போடும்போது அது பக்கத்தில் உபுண்டு என்று இன்னொரு போல்டரை வைத்துக்கொண்டு, பூட் வரிசையில் தன் பெயரை மேலே ஏற்றிக்கொள்ளும். விண்டோஸ் லோடரை அழிப்பது கிடையாது. அக்கா மகன் அழித்தது லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும். உபுண்டு போல்டர் ஈஎஃப்ஐ-யில் அப்படியே இருந்தது, வரிசையிலும் முதலில் நின்றது. க்ரப் எழுந்து தன் மெனு பைலைத் தேடியது, அது அழிந்த பார்ட்டிஷனோடு போய்விட்டதால் திகைத்து நின்றது. அவ்வளவுதான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் விசாரணை அறையில் ஆள் இல்லை என்பதற்காக பஸ்ஸே ஓடவில்லை என்று சொல்வதுபோல ஆகிவிட்டது இந்தக் கடைக்காரர்களின் கண்டுபிடிப்பு.

ஆன் பண்ணும்போது பூட் மெனுவுக்கான கீயைத் தட்டி, 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் பழைய விண்டோஸ் அப்போதே வந்திருக்கும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. ஆசஸில் எஸ்கேப். பிறகு பயாஸ் செட்டிங்கில் போய் விண்டோஸை வரிசையில் முதலில் ஏற்றினால் வேலை முடிந்தது. இதற்கு 4,800 ரூபாய்!

அப்புறம் டி டிரைவ் எப்படிப் போனது? கடைக்காரன் பென்டிரைவை லெகசி முறையில், அதாவது பழைய பயாஸ் முறையில் பூட் பண்ணியிருக்கிறான். நம் டிஸ்க் ஜிபிடி வகை, அதாவது யுஇஎஃப்ஐ-க்கு ஏற்றபடி பார்ட்டிஷன் பிரிக்கும் புது முறை. லெகசியில் வந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலர், இந்த டிஸ்க் ஜிபிடி வகை, இதில் போட முடியாது என்று சொல்லி நின்றுவிடும். அந்த இடத்தில் விவரம் தெரிந்தவன் பென்டிரைவை யுஇஎஃப்ஐ முறையில் திரும்ப பூட் பண்ணுவான். இவன் பார்ட்டிஷன் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழித்து, டிஸ்க்கையே எம்பிஆர் என்ற பழைய வகைக்கு மாற்றி, அதன் மேல் சி, டி என்று புதிதாகப் பிரித்திருக்கிறான். "டி-ல கை வைக்க மாட்டோம்" என்ற வாக்கு அப்போதே காற்றில் போச்சு. டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் எம்பிஆர் என்று எழுதியிருந்தது. நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

'ஒரிஜினல் விண்டோஸ்' இன்னும் பெரிய கூத்து. லேப்டாப் வாங்கும்போது விண்டோஸ் 10 ஹோம் லைசென்ஸ் அதோடு வந்தது. அந்த லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், ஹோமையே திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், ஒரு பைசா செலவில்லை. இவர்கள் போட்டது விண்டோஸ் 10 புரோ. ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தது. அக்கா எந்த நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்? கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குக்குள் பயன்படுத்தும் கேஎம்எஸ் என்ற ஆக்டிவேஷன் முறையை கிராக் என்ற திருட்டு மென்பொருள் வைத்து ஏமாற்றினால்தான் தனி ஆள் லேப்டாப்பில் அப்படி வரும். அதற்கு ஒரு தடவைக்கு 180 நாள்தான் ஆயுள், அதனால் கிராக் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். டிஃபெண்டர் ஆன்டிவைரஸிலும் அதற்காக ஒரு போல்டரை ஸ்கேன் பண்ணாதே என்று விலக்கு கொடுத்து வைத்திருந்தார்கள். அக்கா இதே லேப்டாப்பில்தான் பேங்க் கணக்குப் பார்க்கிறாள்.

பைல்கள் விஷயம். அந்த டெக்னோபார்க் தம்பி முதலில் செய்தது லேப்டாப்பை அணைத்ததுதான். ஓட ஓடப் புது விண்டோஸ் பழைய பைல்கள் கிடந்த இடத்தின் மேல் எழுதிக்கொண்டே இருக்குமாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளால் பழைய பார்ட்டிஷனைத் தேடினான். தடம் கிடைத்தது, பைல் பட்டியல் பாதி சிதைந்திருந்தது. மீதிக்கு போட்டோரெக். அது பைலின் தலைப்பகுதியை வைத்து அடையாளம் கண்டு எடுப்பதால் போட்டோ திரும்ப வரும், பெயரும் போல்டரும் வராது. இப்போது அக்காவிடம் எண்ணை மட்டும் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான போட்டோக்கள் இருக்கின்றன. எது யாருடைய பிளவுஸ் என்று அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸலில் கிடைத்தது ஒரு பழைய பிரதி, சமீபத்திய அளவுகள் போச்சு. இதுவாவது ஹார்டு டிஸ்க் என்பதால் கிடைத்தது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் டிரிம் என்ற வசதி அழித்த இடத்தை உடனுக்குடன் துடைத்துவிடும், பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

உங்களில் யாருக்காவது லினக்ஸை எடுக்க வேண்டியிருந்தால் வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸை மேலே ஏற்றி, அது நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பூட் செட்டிங்கை மாற்றினால் சில லேப்டாப்கள் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும், பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் அது இருக்கும், முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் நேர்மையான கடைக்காரனும் கைவிரிக்க வேண்டியதுதான். அதன்பிறகு லினக்ஸ் பார்ட்டிஷனை அழியுங்கள், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் உபுண்டு போல்டர் அங்கேயே கிடந்தாலும் கெடுதல் இல்லை.

பழைய லேப்டாப் என்றால் கதை வேறு. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததே, அந்தக் காலத்து மெஷின்களைச் சொல்கிறேன். பழைய பயாஸ் முறையில் க்ரப் டிஸ்க்கின் முதல் செக்டாரிலேயே, அதாவது ஆரம்பப் பகுதியிலேயே, உட்கார்ந்துவிடும். அங்கே விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் பண்ணி, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'பூட்ரெக்' கட்டளையில் ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லினக்ஸை அழிக்க வேண்டும். இதற்கும் பார்மட் தேவையில்லை.

கடைக்கே கொடுப்பதாக இருந்தால், எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும், பார்மட் பண்ணுவதற்கு முன் போன் பண்ண வேண்டும் என்று சொல்லி, அதை வாட்ஸப்பிலும் அனுப்பிவிடுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

நான் ஸ்கிரீன்ஷாட்டோடு கடைக்குத் திரும்பப் போனேன். "ஆயிரம் ரூவா தருகேன், பிரச்சனை ஆக்காதீங்க அண்ணாச்சி" என்றார் முதலாளி. வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் மனுக்கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். யுபிஐ ரசீதும் "டி சேஃப்" என்ற அந்த வாட்ஸப் செய்தியும் கையில் இருக்கின்றன. புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, கமென்டில் யாரும் ஊகித்து எழுத வேண்டாம். இதே மாதிரி 'பயாஸ் சிப்' என்று சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.