சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மேலே இனிப்பா காரமா: சில வருட அனுபவம்

முழுக் கிழங்கைச் சுட்டு, நடுவில் கீறி, மேலே எதையாவது வைத்துச் சாப்பிடுவது சில வருடங்களாக எங்கள் வீட்டில் வழக்கமான இரவுச் சாப்பாடு. இனிப்பு, காரம் இரண்டும் மாறி மாறிச் செய்து பார்த்ததில் என் ஓட்டு காரத்துக்குத்தான். கிழங்கே இனிப்பு. மேலே புளிப்பும் உறைப்பும் சேர்ந்தால்தான் ஒரு முழுக் கிழங்கு திகட்டாமல் இறங்குகிறது.

ஆனால் ருசியில் பாதி சுடும்போதே தீர்மானமாகிவிடும். கிழங்கில் உள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. உள்சூடு சுமார் 60 முதல் 75 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் இது மும்முரமாக நடக்கும். மைக்ரோவேவில் வைத்தால் அந்தக் கட்டம் சட்டென்று கடந்துபோய், வெந்தும் சப்பென்று இருக்கிறது. ஜப்பானில் சூடான கற்களில் நிதானமாகச் சுடும் யாக்கிஇமோ அத்தனை தித்திப்பாக இருப்பதும் இதனால்தான். நான் ஓடிஜியில் (சிறிய மின்சார அவனில்) 180 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுகிறேன். ஃபாயில் சுற்றுவதில்லை, சுற்றினால் ஆவியில் வெந்து தோல் தொளதொளத்துவிடும்.

பதம் தெரிய தட்டைப் பார்த்தால் போதும். தோலில் குத்திய துளைகள் வழியே பாகு கசிந்து, கருத்து, பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். நீளவாக்கில் கீறி, இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தினால் சதை பொலபொலவென்று மேலே எழும்பி வரும். அதில் உப்பும் கொஞ்சம் நெய்யும் விட்டுக் கிளறிவிட வேண்டும். உப்பில்லாத கிழங்கின் மேல் எதை வைத்தாலும் ஒட்டாத ருசிதான்.

இத்தனை நாளில் அலுக்காதது கொண்டைக்கடலைச் சுண்டல். தேங்காய் போடாமல் தாளித்து, மேலே கெட்டித் தயிர், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், எலுமிச்சை. அவசரத்துக்கு இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும். இது இவ்வளவு பொருந்தும் என்று நினைக்கவே இல்லை. இறால் தொக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு. பனீர் பட்டர் மசாலா வேண்டவே வேண்டாம், இனிப்பின் மேல் இனிப்பு.

இனிப்பு வகையில், அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மார்ஷ்மெல்லோ போட்டுச் செய்கிறார்கள். எனக்கு அது அதிகம். வெல்லமே சேர்க்காமல் தேங்காய்த்துருவல், வறுத்த எள், ஏலக்காய்த்தூள், ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை போதும். பிள்ளைகள் மாலையில் இதைத்தான் கேட்கிறார்கள்.

பொங்கல் சமயத்தில் சந்தையில் குவியும் சிவப்புத் தோல், வெள்ளைச் சதைக் கிழங்கு மாவாக இருப்பதால் தயிர், தொக்கு மாதிரி ஈரமானவற்றைத் தாங்கும். ஆரஞ்சுச் சதைக் கிழங்கு குழைவானது, பொடிக்கும் எள்ளுக்கும் தோது. திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூ சோனா இந்த ரகம். இதிலுள்ள பீட்டா கரோட்டின் (ஆரஞ்சு நிறம் தரும் சத்து) உடலில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால் நெய்யைக் குறைப்பதில்லை.

வாங்கும்போது சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். கூன்வண்டு புகுந்த கிழங்கில் அந்த இடத்தை வெட்டி எறிந்தாலும் மற்ற பகுதியிலும் கசப்பு இருக்கும். பச்சைக் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, நடுப்பகுதி வேகாமல் கட்டையாகிவிடும். இன்னொன்று, சுட்ட கிழங்கு அவித்ததைவிட ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கு அவித்து, பாதிக் கிழங்கு மட்டும், மேலே சுண்டல் அதிகமாக.

சுட்டதை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். மறுநாள் இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் தோசைக்கல்லில் படும்படி எண்ணெய் விட்டு முறுகவிட்டால் முதல் நாளைவிட நன்றாக இருக்கிறது. டிபன் பாக்ஸில் சுண்டலைத் தனியாகக் கட்டுங்கள்.