ஏற்காட்டுக் குளிரில் எறும்புக் கூடு: சூடேற்றுவதா, அடங்க விடுவதா?

சேலம் டவுனில் கட்டெறும்பு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மார்கழியிலும் அங்கே பகல் வெயில் போதும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில்தான் யோசிக்க வேண்டும்.

ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பை ஃபிரிட்ஜில் 5 முதல் 8 டிகிரியில் மாதக்கணக்கில் உறங்க வைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் கட்டெறும்பையும் உள்ளே தள்ளிவிடாதீர்கள். அதற்கு அந்த உறக்கம் தேவையில்லை; செத்தே போகலாம்.

நமக்கு இருப்பது இரண்டு வழி. ஒன்று, ஹீட்டிங் பேட், அதாவது கரண்டில் சூடாகும் சிறு விரிப்பு. ராணி தொடர்ந்து முட்டையிடும், புழுக்கள் வேகமாக வளரும். தொல்லை தண்ணீரில்தான். கூடாக வைத்திருக்கும் டெஸ்ட் டியூபில், தண்ணீரை ஈரப்பஞ்சால் அடைத்து வைத்த பக்கம் சூடு பட்டால், நீர் ஆவியாகிக் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். முட்டைக் குவியலைக் கவ்விக்கொண்டு வேலைக்கார எறும்புகள் அலைய ஆரம்பித்துவிடும். அதனால் தண்ணீருக்கு எதிர்முனையில் மட்டும் சூடு கொடுங்கள். ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வது என்பது தனிக் கவலை.

இன்னொன்று, ஃபிரிட்ஜில் வைக்காமல், அறைக் குளிரில் அப்படியே மந்தமாகி அடங்க விடுவது. சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி, காற்று போக வழிவிட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் சரி. புழு வாரக்கணக்கில் அதே அளவில் கிடக்கும், பதற வேண்டாம். பூச்சித் தீனியைக் குறையுங்கள். மிஞ்சினால் மலை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். சர்க்கரைத் தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் மட்டும் நிறுத்தவே கூடாது.

என் ஓட்டு இதற்கே. ராணியும் நாலைந்து பிள்ளைகளும் மட்டுமே உள்ள புதுக் கூட்டுக்கு வேண்டுமானால் பேட் வாங்கலாம்.