மரினா பே ஆப்பிள் கடை: தொடுவதற்கும் பற்றிக்கொள்வதற்கும் இடையில்

மரினா பே சாண்ட்ஸ் கடைத்தொகுதிக்கு முன்னால், நீரின்மேல் கண்ணாடி உருண்டையாக நிற்கும் ஆப்பிள் கடை 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆர்ச்சர்ட் சாலையில் 2017இலும் ஜுவல் சாங்கியில் 2019இலும் திறந்தவற்றுக்கு அடுத்து, சிங்கப்பூரில் அந்நிறுவனத்தின் மூன்றாவது கடை இது. அதன் அழகைப் பற்றியும் அங்கே விற்கும் கருவிகளின் திறனைப் பற்றியும் படிப்பதற்கு நிறையக் கிடைக்கிறது. இந்த விமர்சனத்தின் நோக்கம் வேறு. புதிய கருவி ஒன்றின்மேல் நமக்கு ஏன் இவ்வளவு பற்று உண்டாகிறது, அந்தப் பற்று உருவாகும் இடத்திலேயே நிதானமாக நின்று பார்க்க இந்தக் கடை வசதி செய்கிறதா என்பதைப் பௌத்தம் கற்பிக்கும் வழியில் ஆராய விரும்புகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வசதி செய்கிறது, பலர் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே செய்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் உள்ளே நுழைகிறவருடையது.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 114 கண்ணாடித் துண்டுகளும் அவற்றை இணைக்கும் 10 மெல்லிய செங்குத்துச் சட்டங்களும் சேர்ந்து, தம்மைத் தாமே தாங்கி நிற்கும் கூடு அது. ரோம் நகரத்துப் பழங்காலக் கோயிலான பாந்தியனைப் பின்பற்றி உச்சியில் அமைத்த வட்டச் சாளரம் வழியாக வெளிச்சம் இறங்குகிறது; உட்புறத்தை ஒட்டி மரங்கள் நிற்கின்றன. ஆப்பிளை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ், ஜென் துறவி கோபுன் சினோவிடம் பயின்றவர். 1991இல் அவருடைய திருமணத்தை நடத்திவைத்தவரும் அத்துறவியே. இதை அறிந்தவர்கள் இந்தக் கடையின் ஆரவாரமற்ற மேசைகளைப் பார்த்து, பௌத்தத்தின் சாயல் என்று சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேசைமேல் பொருள்கள் குறைவாக இருந்தால், இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் கண் கூடுதலாகக் குவியும். விற்பனைக்கு அது மிக நல்ல முறை. துறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பௌத்தம் இங்கே பொருந்தும் இடம், மேசைமேல் இருக்கும் கைப்பேசியை நாம் கையில் எடுக்கும் அந்தச் செயல்தான்.

இங்கே எதையும் எடுத்துப் பார்க்கலாம். கைப்பேசிகள், கைக்கணினிகள், கைக்கடிகாரங்கள் யாவும் இயங்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. படம் பிடிக்கலாம், எழுதலாம், பாட்டுக் கேட்கலாம். வெகுநேரம் நின்றாலும் ஊழியர்கள் வந்து நெருக்குவதில்லை. கேட்டால் பொறுமையாக விளக்குகிறார்கள், கேட்காவிட்டால் ஒதுங்கி நிற்கிறார்கள். வேறு சில கடைகளில் கருவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, வாங்குவதாக வாக்குறுதி வாங்காத குறையாகத்தான் வெளியே எடுப்பார்கள். அந்த அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மரியாதை. அதே வேளையில், கை பொருளைத் தொட்டுவிட்டால் மீதி தானாக நடக்கும் என்ற மிகத் துல்லியமான கணிப்பும் இதில் இருக்கிறது.

அந்த ‘மீதி’ எப்படி நடக்கிறது என்பதைத் தமிழ்ப் பௌத்தர்கள் வரிசைப்படுத்தியே சொல்லியிருக்கிறார்கள். பௌத்தம் நமக்கு ரேஸ் கோர்ஸ் சாலையிலுள்ள சாக்கிய முனி புத்தகயா கோயிலில் எட்டிப் பார்த்துவிட்டு வரும் அந்நியச் சமயம் அன்று. மணிமேகலையின் இறுதிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பன்னிரண்டு சார்புகளை விளக்குகிறார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று எழுகிறது. புலனும் பொருளும் கூடுவது ஊறு. அதிலிருந்து இனிமையாகவோ துன்பமாகவோ எழும் அனுபவம் நுகர்வு. இனிமையை மீண்டும் வேண்டும் என்பது வேட்கை. அதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்வது பற்று. கடைக்குள் நுழைந்தவருக்கு ஊறும் நுகர்வும் தவிர்க்க இயலாதவை. புதிய திரையின் ஒளி கண்ணுக்கு இதமாக இருப்பது குற்றமுமன்று. நுகர்விலிருந்து வேட்கைக்குத் தாவுவது மட்டும் கட்டாயமில்லை. கவனத்தோடு இருப்பவர் அங்கே நிற்கலாம் என்பதே பயிற்சியின் மையம்.

என் அக்காள் மகன் தேசிய சேவையை முடித்த கையோடு புதிய கைப்பேசி வாங்கவேண்டும் என்றான். அவனை அழைத்துக்கொண்டுதான் அண்மையில் அங்கே போயிருந்தேன். புதிய மாதிரி ஒன்றைக் கையில் வைத்துச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தவன், “மாமா, என் போன்ல ஒன்னும் கொறை இல்ல. ஆனா இதக் கையில எடுத்ததும் அது ரொம்பப் பழசாத் தெரியுது” என்றான். அதைவிட நேர்மையாக யாரும் சொல்லிவிட முடியாது. புத்தர் தம் முதல் பேருரையில் வேட்கையை மூன்றாகப் பிரிக்கிறார்: புலனின்பத்தை நாடும் வேட்கை, ஏதாவது ஒன்றாக ஆகவேண்டும் என்னும் வேட்கை, இருப்பது இல்லாமல் ஒழியவேண்டும் என்னும் வேட்கை. புதுக் கருவியின் கவர்ச்சியைப் பேசும்போது நாம் முதலாவதை மட்டுமே எண்ணுகிறோம். பையில் கிடக்கும் பழைய கைப்பேசியின்மேல் திடீரென எழும் சலிப்பு மூன்றாவது வகையைச் சேர்ந்தது. காலையில் கடைக்குப் புறப்படும்போது அந்தச் சலிப்பு இருக்கவில்லை.

“கீழ வைக்காதப்பா. இன்னும் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிரு” என்றேன். வாங்காதே என்று சொல்வேன் என எதிர்பார்த்திருந்த அவனுக்கு வியப்பு. இந்தக் கடையின் உண்மையான சிறப்பு இதில்தான் இருக்கிறது. ஒரு பொருளை ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு வெளியேறினால், நுகர்வு உச்சத்தில் இருக்கும் நிலையிலேயே நாம் விலகிவிடுகிறோம். வீட்டுக்குப் போனபின் நினைவு அந்த உச்சத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். மாறாக, நெருக்குபவர் யாருமில்லாத இடத்தில் அதே பொருளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தால், இனிமை எழுந்ததைப் போலவே தணிவதையும் காணலாம். கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பிப் படமெடுத்து முடித்தபின், அவன் கட்டைவிரல் தன் பழைய கைப்பேசியில் செய்வதைப்போலவே குறியில்லாமல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. நிலையாமையை நூலில் படிப்பதற்கும் கையில் இருக்கும் கருவியிலேயே காண்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கடை மூடும்வரை இலவசமாகக் கிடைக்கும் வாய்ப்பு இது.

பற்று என்றால் பொருளின்மேல் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு, பௌத்த நூல்கள் கூறும் நான்கு பற்றுகள் உதவும். புலனின்பப் பற்று எல்லாருக்கும் தெரிந்ததே. அடுத்தது கருத்தின்மேல் பற்று: ஆப்பிளா ஆண்ட்ராய்டா என்ற வாக்குவாதத்தில் நட்புகூடக் கசந்துபோவதைப் பார்த்திருக்கிறோம்; அங்கே கருவி அருகில்கூட இல்லை, கருத்து மட்டுமே இருக்கிறது. மூன்றாவது சடங்குகளின்மேல் பற்று. ஆண்டுதோறும் செப்டம்பரில் வரும் அறிவிப்புக்குக் கண் விழித்திருப்பதும், முதல் நாளே வரிசையில் நிற்பதும், பெட்டியைத் திறக்கும் காணொளியை வரிசை மாறாமல் பதிவு செய்வதும் தேவையிலிருந்து பிறந்தவை அல்ல. செய்தால்தான் நிறைவு என்னும் நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. நான்காவது, ‘நான்’ என்பதன்மேல் பற்று. ஏனைய மூன்றையும் தாங்கி நிற்பது இதுவே என்பது என் கருத்து. அலுவலகக் கூட்டத்தில் கைப்பேசியை மேசைமேல் குப்புற வைக்கும்போது, பின்புறத்துக் கேமராவின் அமைப்பு எந்த ஆண்டு மாதிரி என்பதைச் சுற்றியிருப்போருக்குச் சொல்லிவிடுகிறது. அந்தப் பார்வையில் நாம் யார் என்பதைத்தான் ஆயிரம் வெள்ளிக்குமேல் கொடுத்து வாங்குகிறோம். கடை இதைத் தோற்றுவிக்கவில்லை. நாம் கொண்டுவருவதை ஏற்றுக்கொள்கிறது.

இனி, பெரும்பாலான விமர்சனங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் பழுதுபார்க்கும் சேவைக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கடையில் மிக மதிப்புள்ள பகுதி அதுவே. அக்காள் மகனிடம் இருப்பது 2021இல் வெளிவந்த ஐபோன் 13. ஐபோன் 14 வரையிலான மாதிரிகளின் பேட்டரி, உகந்த சூழலில், 500 முழு மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பிறகு தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தக்கவைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அந்த எண்ணிக்கை 1,000. ஆகவே பழைய கைப்பேசி மாலைக்குள் தளர்வது பயன்பாட்டின் இயல்பான விளைவு. பேட்டரியை மாற்றுவதற்கு ஆகும் தொகை, புதிய கருவியின் விலையில் சிறு பங்குதான். ஊழியர் அமைப்புப் பகுதியைத் திறந்து பேட்டரியின் நிலையைக் காட்டி, மாற்றினால் இன்னும் எத்தனை காலம் பயன்படுத்தலாம் என்று நிதானமாகப் பேசினார். புதியதை வாங்கச் சொல்லவில்லை. அதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் பிச்சைப் பாத்திரத்தைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. ஐந்து ஒட்டுகளுக்குக் குறைவாக உள்ள பாத்திரத்தை வைத்திருக்கும் பிக்கு, புதிய பாத்திரம் கேட்டுப் பெறக்கூடாது. பெற்றால் அதைச் சங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும். அது மூத்தோர் தொடங்கி ஒவ்வொருவருக்கும் காட்டப்படும். விரும்புபவர் தம்முடையதை மாற்றிக்கொள்வார். வரிசையின் முடிவில் எஞ்சும் பாத்திரம், உடையும்வரை இதை வைத்திரு என்ற சொல்லோடு புதியது கேட்ட அந்தப் பிக்குவிடம் தரப்படும். கூடுதலாகக் கிடைத்த பாத்திரத்தையும் பத்து நாளுக்குமேல் வைத்திருக்க இயலாது. இவ்விதி துறவிகளுக்கானது, இல்லறத்தாரை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் இதன் நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பாத்திரமே வேண்டாம் என்று அது சொல்லவில்லை, பழையதோடு துன்பப்படு என்றும் சொல்லவில்லை. எப்போது புதியது நியாயம் என்பதற்கு, மனநிலையைச் சாராத, கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுகோலை வைக்கிறது. கைப்பேசிக்கும் அப்படியோர் அளவை நாமே முன்கூட்டி வகுத்துக்கொள்ளலாம்: பேட்டரி மாற்றியாயிற்றா, உடைந்த திரை மாற்றியாயிற்றா, பாதுகாப்பு மேம்பாடுகள் இன்னும் வருகின்றனவா, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா. விற்பனையை நிறுத்தி ஏழாண்டுக்குமேல் ஆன கருவிகளைப் பொதுவாகச் சேவைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்பது இந்நிறுவனத்தின் கொள்கை. அந்த எல்லையை எட்டுவதற்கு முன்பே நம்மில் எத்தனை பேர் மூன்றாவது கருவிக்கு மாறியிருப்போம் என்பது கவலை தரும் கேள்வி.

பழைய கருவியைக் கொடுத்துப் புதியதில் விலைக்கழிவு பெறும் ஏற்பாடும் இங்கே உண்டு. மதிப்பில்லாத ஆப்பிள் கருவியை இலவசமாக மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மனச்சாட்சிக்கு எளிய சமாதானமாகிவிடக் கூடாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. 2021 ஜூலை 1 முதல், தயாரிப்பாளர்களே அதைத் திரட்டி முறையாகக் கையாளும் பொறுப்பை ஏற்கும் திட்டம் நடப்பில் இருக்கிறது. மறுசுழற்சிக்கு முன் செய்யவேண்டியவை எத்தனை இருக்கின்றன என்பதற்குப் புத்தரின் சீடர் ஆனந்தரின் விடையைப் படிக்கவேண்டும். உதேண மன்னனின் அந்தப்புர மகளிர் அவருக்கு 500 ஆடைகளை வழங்கியபோது, இவ்வளவையும் என்ன செய்வீர் என்று மன்னன் கேட்டான். ஆடை நைந்த துறவிகளுக்குக் கொடுப்பேன் என்றார். நைந்தவற்றை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பிறகு தரைவிரிப்பு, கால்மிதி, தூசு துணி. கடைசியில் கிழித்து மண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 கொடுத்தான். பெரிய எண்ணிக்கையில் பெறுவதை அந்தக் கதை கண்டிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பெற்றது ஒன்றும் பயன் தீராமல் நின்றுவிடவில்லை என்பதே மன்னனை நிறைவுசெய்தது.

இல்லறத்தார் பொருள் வைத்திருப்பதையும் அதை நுகர்வதையும் புத்தர் இன்பமாகவே எண்ணினார். தம் இல்லறச் சீடரான வணிகர் அநாதபிண்டிகருக்குச் சொன்ன நான்கு இன்பங்களுள் அவை இரண்டும் அடங்கும். மூன்றாவது கடனில்லாத இன்பம், நான்காவது பழியில்லாத இன்பம். தவணை முறையில் வாங்க நினைக்கும் இளையர்கள் முதலிரண்டோடு மூன்றாவதையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். தொழிலுக்காகப் படம்பிடிப்பவர், பார்வைக் குறைபாட்டுக்காகத் திரையை வாசிக்கச்செய்யும் வசதியைச் சார்ந்திருப்பவர் போன்றோருக்குப் புதிய கருவி உண்மையான தேவையாக இருக்கலாம். அவர்கள் தயங்காமல் போய் வாங்கலாம்.

குறை என்று சொன்னால், படம் பிடிப்பதற்கும் வரைவதற்கும் இலவச வகுப்புகள் நடத்தும் இக்கடை, வைத்திருக்கும் கருவியை நீண்ட நாள் பேணுவது எப்படி என்பதற்கும் அதே பெரிய திரையின் முன்னால் வகுப்பு நடத்தவேண்டும். பயணிகளின் கூட்டத்தால் வார இறுதி மாலைகளில் அமைதியாக நிற்க இடமிருப்பதில்லை. வேலை நாள் முற்பகலில், பேஃபிரண்ட் பெருவிரைவு ரயில் நிலையத்தில் இறங்கிக் கடைத்தொகுதியின் வழியாகச் செல்வது நல்லது. பழுதுபார்க்கும் சேவைக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, தரவுகளை முதலிலேயே நகலெடுத்துக்கொண்டு போங்கள். அக்காள் மகன் பேட்டரியை மாற்றிக்கொண்டான். அவர்கள் காத்திருக்கச் சொன்ன நேரத்தைப் புதிய மாதிரிகள் இருந்த மேசையருகிலேயே கழித்தான்.