புதுப்பித்த உணவு பரிமாறுபவர் (சர்வர்) சான்றிதழ்: பாடம் தேறிவிட்டது, தேர்வு இன்னும் தேறவில்லை

உணவு, பானப் பரிமாறலுக்கான தொழிற்சான்றிதழின் பழைய பாடத்திட்டத்தையும் திருத்திய பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினால், முதலில் கண்ணில் படுவது அலர்ஜிக்குக் கிடைத்திருக்கும் இடம். பழையதில் சுகாதாரப் பாடத்தின் கடைசியில் ஒரு பத்தி. நன்றாகத் திருத்திய திட்டங்களில் அதற்குத் தனி அலகும் தனிச் செய்முறையும் உண்டு. பத்து வருடம் சர்வீஸ் பார்த்தவர்கூட இந்த ஒன்றுக்காக மறுபடி உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் புத்தகத்தை மாற்றிவிட்டு வினாத்தாளை அப்படியே விட்டுவைத்த பயிற்சி மையங்களும் இருக்கின்றன. பணம் கட்டும் முன் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்த்தால் விலக வேண்டும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

திருத்தம் காரணமில்லாமல் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், பொட்டலத்தில் வராத உணவுக்கும், அதாவது தட்டில் வைத்துக் கொடுக்கும் உணவுக்கும், 14 அலர்ஜிப் பொருள்களின் விவரம் தரவேண்டும் என்றானது. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் உணவுச் சுகாதாரப் பொது விதிகள் 2020இல் திருத்தப்பட்டபோது அலர்ஜி மேலாண்மை அதற்குள் வந்தது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள் ஒன்பதாவது அலர்ஜிப் பொருளாகச் சேர்ந்தது. ஓரிடத்தில் 14, இன்னோரிடத்தில் 9. பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் பழசாகும் என்பதற்கு இதுவே போதும். நல்ல பயிற்சி பட்டியலை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு, வேலை நடக்கும் முறையில் நேரம் செலவிடும்.

அந்த முறை இப்படிப் போகிறது. ஆர்டர் எடுக்கும்போது, விருந்தினர் சொல்லும்வரை காத்திராமல் சர்வரே அலர்ஜி உண்டா என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் இருக்கை எண்ணோடு எழுத வேண்டும்: வாசலைப் பார்த்த நாற்காலி 1, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 2, 3. ‘மேசை 6இல் ஒருவருக்கு எள் ஆகாது’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘மேசை 6, இருக்கை 3, எள்’ என்பதே குறிப்பு. அடுத்து, நினைவை நம்பாமல் அன்றைய செய்முறை அட்டையைப் பார்க்க வேண்டும். போன வாரம் எள் இல்லாத சாஸ், சப்ளையர் வேறு பிராண்டை அனுப்பிய இன்று எள்ளோடு வந்திருக்கலாம். கே.ஓ.டி.யை, அதாவது சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டை, கொடுத்தால் வேலை முடியவில்லை; சமையலறையில் ஒருவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். தட்டு தயாரானதும் தனியாக, மற்ற தட்டுகளோடு அடுக்காமல் எடுத்துவந்து, அந்த இருக்கையில் இருப்பவரிடம் ‘எள் இல்லாமல் செய்தது’ என்று வாயால் சொல்லி வைக்க வேண்டும். மூன்று இடத்தில் சொல், ஓரிடத்தில் எழுத்து. பிழை நேரும் இடம் பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்: ஆர்டர் எடுத்தவர் ஒருவர், தட்டைத் தூக்கிப் போகும் ரன்னர் இன்னொருவர்.

பாடத்திட்டத்தில் எழுதியிருந்தும் பயிற்சியாளர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் விஷயங்கள் மூன்று. மேலே தூவிய பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைக் கொடுக்கக் கூடாது; புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஒரே எண்ணெயில் பொரித்தால் அலர்ஜிப் பொருள் இடம் மாறும், சூடு அதை அழித்துவிடும் என்று நம்ப முடியாது. சானிடைசர் கிருமிக்குத்தான், கையில் ஒட்டிய கடலைப் புரதத்துக்கு அல்ல. அதற்குச் சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கவுண்டரில் சானிடைசரை அழுத்திவிட்டு ‘கை சுத்தம்’ என்று காட்டுபவருக்கு மதிப்பெண் போடும் தேர்வாளர் இந்தப் பாடத்தைத் தானே படிக்கவில்லை என்று அர்த்தம்.

அவசர நிலைப் பகுதி சுருக்கமாக இருந்தாலும் சரியாக இருக்கிறது. ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும்: தொண்டை கரகரக்கிறது என்று சொல்லி ஒருவர் தனியாகக் கழிப்பறைக்கு எழுந்துபோனால் விடக்கூடாது. கடுமையான ஒவ்வாமையில் எழுந்து நடப்பதே ஆபத்து. படுக்க வைக்க வேண்டும். மூச்சு முட்டினால் உட்கார்ந்த நிலை. அட்ரினலின் ஊசி அவரிடமே இருந்தால் உடனே போட வைத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அறிகுறி தணிந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

வெப்பநிலைப் பாடம் பழையதிலும் இருந்தது. இப்போது சமையல்காரரின் வேலை என்ற நிலையிலிருந்து சர்வரின் கைக்கும் வந்திருக்கிறது. பஃபே பார்ப்பவருக்கு இது முக்கியம். குளிர்ந்தது 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, சூடானது 60க்கு மேலே. சில நாட்டு விதிகளில் 63. இடைப்பட்ட வெப்பத்தில் கழிந்த நேரம் மொத்தமாக 2 மணிக்குள் என்றால் திரும்பக் குளிரூட்டலாம், 2 முதல் 4 மணி என்றால் உடனே பரிமாறிவிட வேண்டும், 4 தாண்டினால் குப்பைக்கு. இங்கே வழுக்குவது ‘மொத்தமாக’ என்ற சொல்லில். பஃபே மேசையில் வைத்த நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். சமையலறை மேடையில் முக்கால் மணி கிடந்ததை விட்டுவிடுகிறார்கள். தெர்மாமீட்டரைச் சரிபார்க்கச் சொல்லித்தராத பயிற்சியையும் சந்தேகப்படுங்கள். செய்முறை சின்னது: டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், அது மூழ்கத் தண்ணீர், ஒரு கலக்கு, முனை பக்கத்திலும் அடியிலும் படாமல் அரை நிமிடம் பிடித்தால் 0 காட்ட வேண்டும், ஒரு டிகிரி முன்பின் பரவாயில்லை. ஐஸ் கொஞ்சம், தண்ணீர் நிறைய என்று எடுத்தால் 3, 4 காட்டும். பழுதில்லாத கருவியைப் பழுது என்று தூக்கிப்போடுவீர்கள்.

மதுப் பரிமாறலில் பொறுப்பு என்ற அலகு பாதிதான் தேறுகிறது. போதை ஏறியவரை அடையாளம் காண்பது, அவமானப்படுத்தாமல் மறுப்பது, சக ஊழியரிடம் முன்பே சொல்லிவைப்பது எல்லாம் நன்றாக இருக்கிறது. கணக்குதான் இல்லை. கணக்கு கடினமும் இல்லை: மில்லிலிட்டர் அளவை மது விழுக்காட்டால் பெருக்கி, 0.789ஆல் பெருக்கினால் கிராம் வரும். 13 விழுக்காடு ஒயின் 150 மி.லி. என்றால் 19.5 மி.லி. மது, ஏறக்குறைய 15.4 கிராம். ஒரு ‘ஸ்டாண்டர்டு டிரிங்க்’ 10 கிராம் என்று கொள்ளும் நாட்டில் இது ஒன்றரைக்கும் மேல். 8 கிராம் ஒரு யூனிட் என்னும் பிரிட்டனில் கிட்டத்தட்ட இரண்டு. ‘ஒரு கிளாஸ் என்றால் ஒரு டிரிங்க்’ என்று சொல்லித்தரும் கையேடு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. 750 மி.லி. பாட்டிலில் அப்படிப்பட்ட 5 கிளாஸ். அதை இருவர் பகிர்ந்து குடித்தால் ஆளுக்கு எத்தனை என்பதைச் சர்வர் மனக்கணக்காகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

காபிப் பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை. 18 கிராம் தூள், 36 கிராம் எஸ்பிரெஸோ, 25 முதல் 30 விநாடி, பால் 60 முதல் 65 டிகிரி என்று அளவுகளைத் தந்து, வேகமாக ஓடினால் அரைவை பெருவெட்டு, புளிக்கும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் நைசு, கசக்கும் என்று காரணத்தோடு சொல்கிறார்கள்.

கையடக்கக் கருவியில் ஆர்டர் எடுப்பது புதிய சேர்க்கை. இதில்தான் ஏமாற்றம் அதிகம். பல இடங்களில் ஒரே நிறுவனத்தின் மென்பொருளில் பொத்தான் எங்கே என்று காட்டுவதோடு பாடம் முடிகிறது. வேலைக்குப் போகும் இடத்தில் கருவி வேறாக இருந்தால் படித்தது வீண். எந்தக் கருவிக்கும் பொதுவாகச் சொல்லித்தர வேண்டியது வேறு: இருக்கை எண்ணைப் பதிவது, முதல் சுற்றை அனுப்பிவிட்டு அடுத்ததை நிறுத்திவைப்பது, அலர்ஜியை ‘குறிப்பு’ப் பெட்டியில் தட்டச்சு செய்தால் சமையலறைச் சீட்டில் பொடி எழுத்தில் அடியில் விழும் என்பதால், அதற்கென்று உள்ள தனித் தெரிவைப் பயன்படுத்துவது, நெட்வொர்க் போனால் காகித கே.ஓ.டி.க்கு மாறி, திரும்பி வந்ததும் இரண்டு முறை பதிவாகாமல் சேர்ப்பது. கடைசியில் சொன்னதைச் செய்முறையாக நடத்தும் மையம் கிடைத்தால் விடாதீர்கள்.

எதை வெட்டியிருக்கலாம்? நாப்கின் மடிப்பு. பன்னிரண்டு வடிவம் இன்னும் பட்டியலில் நிற்கிறது. மடிப்பு கூடக் கூட விரல் படுவதும் கூடும் என்பது பக்கத்து அலகில் படித்த சுகாதாரத்துக்கே முரண். இரண்டு போதும். ஆனால் ஸ்பூனும் ஃபோர்க்கும் ஒரே கையில் பிடித்துப் பரிமாறும் சில்வர் சர்வீஸையும் சேர்த்து வெட்டச் சொல்வோரோடு உடன்பாடில்லை. வேலையிடத்தில் அது அருகிவிட்டது, உண்மை. கைக்கட்டுப்பாடு பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. பானம் வலப்பக்கமிருந்து ஏன் என்றால், கிளாஸ் வலப்பக்கம் இருப்பதால். இடமிருந்து ஊற்றினால் விருந்தினரின் முகத்துக்குக் குறுக்கே கை போகும். காரணம் சொன்னால் விதி மறக்காது.

இனி தேர்வு. கொள்குறி வினாவில் ‘பின்வருவனவற்றுள் அலர்ஜிப் பொருள் எது’ என்று கேட்டு 40க்கு 32 வாங்கினால் தேர்ச்சி என்று வைத்தால், மேலே சொன்ன எதுவும் சோதிக்கப்படாது. சரியான தேர்வு ஓடும் சர்வீஸில் நடக்க வேண்டும். நான்கு பேர் மேசை. ஒருவருக்கு எள் அலர்ஜி, கேட்டால் மட்டுமே சொல்வார். ஒருவர் மது அருந்தாதவர். நடுவில் ஒரு உணவு தீர்ந்துவிட்டது என்று சமையலறை அறிவிக்கும். மாற்றாகத் தரும் உணவில் எள் இருக்கும். இந்தக் கண்ணியில் தடுமாறாதவர்தான் தேர்ந்தவர். ஒரே சர்வீஸைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. காலை உணவின் வேகம் வேறு, விருந்தின் வேகம் வேறு.

அனுபவசாலிகளுக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்ற குறுக்குவழி உண்டு. தெரிந்ததற்குச் சான்று காட்டி, தெரியாத அலகுகளை மட்டும் படிக்கலாம். அதற்கு ‘நல்ல ஊழியர்’ என்ற பொதுக் கடிதம் செல்லாது. தேதி போட்ட ஷிஃப்ட் அட்டவணை, என்னென்ன வேலை, எத்தனை கவர் (பரிமாறிய விருந்தினர் எண்ணிக்கை) என்று மேற்பார்வையாளர் எழுதிய கடிதம், விருந்தினர் விவரம் நீக்கிய கே.ஓ.டி. நகல்கள், செய்முறை அட்டையை நீங்கள் திருத்தியிருந்தால் அதன் பிரதி ஆகியவற்றைச் சேருங்கள். அலர்ஜிக்கும் சுகாதாரத்துக்கும் பழைய சான்று போதாது. அந்த அலகுகளைப் புதிதாகவே எழுதுங்கள். பல நாடுகளில் முழுச் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. முதலுதவி போன்ற துணைச் சான்றுகளுக்கு உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து முழுப் படிப்புக்கும் மறுபடி கட்டணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

சேரும் முன் மையத்திடம் மதிப்பீட்டுப் படிவத்தின் வெற்றுப் பிரதியைக் கேளுங்கள். அலர்ஜி வரியில் ‘விளக்கினார்’ என்ற கட்டம் மட்டும் இருந்தால் அது வினாத்தாள் படிப்பு. ‘செய்து காட்டினார்’ என்ற கட்டமும், பக்கத்தில் தேதி, மேசை எண், பார்த்தவர் கையெழுத்துக்கு இடமும் இருந்தால் சேரலாம். பிரதி தர மறுத்தால் அடுத்த மையத்தைப் பாருங்கள்.